மேற்குப் பார்த்த மனை, வாக்கர் பிடித்து நடக்கும் அம்மா: வீட்டு வரைபடத்தில் எதை மாற்றச் சொல்வது?

உறையூரான்

வணக்கம். திருச்சியில் 30க்கு 40 மனை, மேற்குப் பார்த்தது. கீழே ஒரு படுக்கையறை, மாடியில் இரண்டு என்று இன்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார். வீட்டில் நான், மனைவி, ஏழு வயதில் மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலம் குறைந்துவிட்டது. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார், வெளியே என்றால் வீல்சேர்தான். மகளுக்கு வீசிங் உண்டு. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் ஐப்பசி பிறந்தாலே சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், அவளுக்கு இழுப்பும் ஆரம்பித்துவிடும்.

இன்ஜினியர் 'கிரீன் ஹோம்' என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார். சோலார், ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான சிமெண்ட் கல்) சுவர், முன்பக்கம் மாடி வரைக்கும் கண்ணாடி (வெளிச்சம் வரும், பகலில் லைட் போட வேண்டாமாம்), எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், எல்லா அறைக்கும் ஏசி பாயிண்ட். ரோடு போடப் போட உயர்கிறது என்பதால் தரைமட்டம் ரோட்டிலிருந்து 3 அடி. அம்மா எப்படி ஏறுவார் என்றதற்கு, "படி பக்கத்துலயே ஒரு சாய்தளம் வச்சிடலாம் சார்" என்றார். பிளானில் அளந்து பார்த்தேன், சாய்தளம் 4 அடி நீளம் இருக்கிறது.

கையில் இருப்பதும் வங்கி தருவதும் சேர்த்து 38 லட்சம், அதற்கு மேல் இழுக்க முடியாது. இதில் எது உண்மையிலேயே உடம்புக்கு நல்லது, எது வெறும் விளம்பரம்? எதை முதலில் வெட்டலாம்?

கொத்துக்கரண்டி

சைட்டில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் வெட்ட வேண்டியது அந்தக் கண்ணாடி. மேற்குப் பக்கத்துக் கண்ணாடி திருச்சி வெயிலில் உங்கள் ஹாலை அடுப்பாக்கிவிடும். சன்ஷேட் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், ஆனால் சன்ஷேட் உச்சி வெயிலைத்தான் மறைக்கும். மாலை 4 மணிக்கு மேல் சூரியன் தாழ இறங்கி அதன் அடியில் புகுந்து நேராக உள்ளே வரும், இரண்டடி நீட்டினாலும் ஒன்றும் ஆகாது. அதற்காக மேற்கை முழுக்க அடைத்துவிடவும் கூடாது, ஏனென்றால் ஆனி ஆடியில் உங்கள் ஊருக்குக் காற்று வருவதே அங்கிருந்துதான். அளவான ஜன்னல், அதற்கு வெளியே ஓரடி தள்ளி, இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டும் செங்கல் ஜாலிச் சுவரோ நிறுத்துவாக்கில் பலகைத் தடுப்போ வைத்தால் வெயில் நிற்கும், காற்று வரும். இடம் இருந்தால் வாசலில் ஒரு புங்கை வையுங்கள்.

இரண்டாவது, மேல்தளம். வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு மொட்டை மாடி வழியாகத்தான். வெறும் கான்கிரீட் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி நீங்கள் படுத்த பிறகு கீழே இறக்கும். ஃபால்ஸ் சீலிங் போடுவது சூடு உள்ளே வந்த பிறகு அதற்குத் திரை கட்டும் வேலை, அறையின் உயரமும் போகும், மேலே ஒழுகினால் சீக்கிரம் தெரியவும் தெரியாது. அந்தக் காசை மாடிக்கு மேலே போடுங்கள். நம் ஊர் பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதிப்பார்கள், அது இன்றைக்கும் நல்ல முறைதான். செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் போதும்.

மூன்றாவது, ஜன்னல் கணக்கு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வீடுகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில் தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது, அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது. 10க்கு 12 அறைக்கு 20 சதுர அடி. இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்: 5க்கு 4 யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் போட்டால் பார்க்க 20 சதுர அடி, திறப்பது 10தான். கதவு மாதிரித் திறக்கிற ஜன்னலாகக் கேளுங்கள். ஒரே சுவரில் இரண்டு வைப்பதைவிட வேறு வேறு சுவரில் ஒவ்வொன்று வையுங்கள், அப்போதுதான் காற்று ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போகும். மேலே வெண்டிலேட்டரை எடுத்துவிடாதீர்கள். கொசுவலை போட்டால் காற்று குறையும், அதனால் ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கலாம்.

ஏசிக்கு நான் எதிரி இல்லை. சித்திரை வைகாசியில் வயதானவர்களுக்கு அது தேவைதான், வயதாக ஆகத் தாகமும் குறையும், வியர்வையும் குறையும், சூட்டை உடம்பு தாங்காது. அம்மா அறைக்கு ஒன்று போடுங்கள். ஆனால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றி விடுகிறது. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு மூன்று பேர் படுத்தால் விடிவதற்குள் அறையில் கரியமில வாயு 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2000 பங்கு) தாண்டுவது சாதாரணம். காலையில் தலை கனமாக எழுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏஏசி பிளாக் பரவாயில்லை, செங்கலைவிடச் சூட்டைத் தடுக்கும். நல்ல மேஸ்திரி கிடைத்தால் லாரி பேக்கர் என்கிற கட்டடக் கலைஞர் கேரளாவில் பரப்பிய 'ராட் ட்ராப்' கட்டு முறையைக் கேட்டுப் பாருங்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது, செங்கல் கால்வாசி மிச்சமாகும், அந்தப் பொந்தே சூட்டைத் தடுக்கும். பழக்கமில்லாத ஆளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கலவையைப் பொந்துக்குள் கொட்டி நிரப்பி வைத்துவிடுவார்.

மகளுக்காக இரண்டு விஷயம். அஸ்திவாரத்துக்கு மேலே டிபிசி (ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், ஓதம் ஏறுவது அங்கேதான். இன்னொன்று அலமாரி. எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு என்று மரத்தூளைப் பசையால் ஒட்டிச் செய்த பலகைகள் எல்லாவற்றிலும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ரொம்ப நாள் கசிந்துகொண்டே இருக்கும். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2004இல் சொன்னது அது, வீசிங் உள்ள பிள்ளைக்கு அந்த நெடியே போதும். கடப்பாக் கல் வைத்து அலமாரி கட்டி, முன்னால் மட்டும் நல்ல கிரேடு பிளைவுட் கதவு போடுங்கள். காசும் மிச்சம்.

நாலு சக்கரம்

3 அடி உயரத்துக்கு 4 அடி நீளமா! அது பார்க்கில் பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரம்.

பன்னிரண்டு வருடமாக வீல்சேரில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் காட்டமாகத்தான் வரும். ஓரடி ஏற 12 அடி ஓட்டம், இதுதான் குறைந்தபட்சக் கணக்கு. உங்கள் 3 அடிக்கு 36 அடி வேண்டும், மனையே 40 அடிதான். நம் ஊரில் பாதிக் கட்டடங்களில் இருப்பது பைக் ஏற்றுவதற்குப் போட்ட சிமெண்ட் சரிவு, அதில் என்னை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்க மூன்று பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்ததெல்லாம் பொதுக் கட்டடங்களுக்கு, சொந்த வீட்டை யாரும் வந்து அளக்கப் போவதில்லை. இன்ஜினியர் அங்கே இடம் கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதும் இல்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அதனால் முதலில் அந்த 3 அடியைக் கேள்வி கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே உத்தரவு போட்டார். எல்லாத் தெருவிலும் நடக்கிறதா என்றால் இல்லை, ஆனாலும் தெருவில் தண்ணீர் நின்ற வரலாறு இல்லை என்றால் 2 அடி போதும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

அடுத்தது கதவு. நம் ஆட்கள் பாத்ரூமுக்கு இரண்டரை அடி நிலை வைப்பார்கள், கட்டை போக உள்ளே இரண்டடிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். சாதாரண வீல்சேரே 25 அங்குலம். கட்டை போக 3 அடி கிடைக்கிற மாதிரி எல்லாக் கதவுக்கும் நிலை சொல்லுங்கள், அம்மா அறைக்கு மட்டும் இல்லை. சமையலறைக்கும் சொல்லுங்கள். நான் என் அக்கா வீட்டுக்குப் போனால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே இருப்பவர்களிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. வீல்சேர் ஒரு சுற்று திரும்ப 5 அடி வட்டம் வேண்டும், பாத்ரூமிலும் அப்படித்தான். கீழே தனி ஸ்டோர் ரூம் என்று ஏதாவது இருந்தால் அதைப் பாத்ரூமோடு சேர்த்துவிடுங்கள். நிலைப்படியை எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள். அரை அங்குல மேடுகூட வாக்கரின் முன்கால் தட்டுவதற்குப் போதும்.

பிசியோ அக்கா

பக்கவாதம் வந்தவர்களோடு தினமும் வேலை செய்கிறேன், அதனால் பாத்ரூமைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நாலு சக்கரம் சொன்னதற்கு மேல்.

பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்து, அம்மா வழுக்கிக் கதவை ஒட்டி விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், நீங்கள் வெளியே நின்று தள்ள முடியாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், கதவை உடைத்து ஆளை எடுத்த வீடுகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வருடத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுந்தே இறக்கிறார்கள், அதிலும் அதிகம் 60 வயது தாண்டியவர்கள்தான்.

பிடிகம்பி அவருடைய நல்ல கைப்பக்கம் வர வேண்டும். இடது பக்கம் பாதித்திருப்பதால் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் வலது கைக்கு எட்டுகிற சுவரில் கம்பி. அப்படியானால் டாய்லெட்டை எந்த மூலையில் வைப்பது என்பதையே இப்போது தீர்மானிக்க வேண்டும், பைப் லைன் ஓட்டிய பிறகு மாற்றுவது பெரிய உடைப்பு. பிடிகம்பி மாட்டப் போகிற சுவரைச் செங்கலில் கட்டச் சொல்லுங்கள், ஏஏசி பிளாக்கில் சாதாரண ஸ்க்ரூ போட்டு மாட்டிய கம்பி ஒரு நாள் கையோடு வந்துவிடும். தரைக்குப் பளபள டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போடுங்கள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளை டாய்லெட் என்று போட்டால் கண்புரை உள்ளவர்களுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியாது, தரையாவது வேறு நிறத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதே இல்லை. அம்மா பகலெல்லாம் எங்கே உட்காருவார், உட்கார்ந்தால் எதைப் பார்ப்பார்? பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகவும் சகஜம், என்னிடம் வருகிற பலருக்குக் கை கால் தேறும், முகம் தேறாது. அவர் அறை ஜன்னலின் அடிமட்டம் வழக்கமான 3 அடியில் இருந்தால் உட்கார்ந்தபடி வானம் மட்டும்தான் தெரியும். 2 அடிக்கு இறக்குங்கள், கிரில் போட்டுக்கொள்ளலாம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு, அதை வைத்துப் பெரிதாகச் சாதிக்க வேண்டாம். ஆனால் எங்கள் அனுபவமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தெருவைப் பார்த்த திண்ணை ஒன்று வைக்க முடிந்தால் கண்ணாடிச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, போகிற வருகிறவர்கள் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கமும் சரியாகும்.

மாடி வீட்டு வாடகைக்காரன்

எல்லாம் சரி, 38 லட்சம் வைத்திருப்பவருக்கு யோசனை சொல்ல இத்தனை பேர் இருக்கிறீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே வாடகைக்கு இருக்கிற என்னை மாதிரி ஆள் ஹவுஸ் ஓனரிடம் கூலிங் டைல்ஸ் கேட்டால் வாடகை ஏறும். நானே சுண்ணாம்பு வாங்கி மாடியில் இரண்டு கோட் வெள்ளை அடித்துக்கொண்டேன், வித்தியாசம் தெரிகிறது, மழை வந்தால் கரைந்து போகும், மறு கோடைக்கு மறுபடி. அகமதாபாத்தில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் குடிசைப் பகுதி வீடுகளுக்கு இந்த வெள்ளைக் கூரை வேலையைச் செய்கிறது, தெலங்கானா 2023இல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஏழை வீட்டுக் கூரைக்கும் நேரமும் காசும் ஒதுக்கினால்தான் பசுமைக் கட்டடம் என்கிற பேச்சுக்கு அர்த்தம்.

அப்புறம் பழசெல்லாம் நல்லது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது, அதற்காக ஒன்று. மெக்சிகோவில் மண் தரை வீடுகளுக்கு அரசு சிமெண்ட் தரை போட்டுக் கொடுத்தது, திட்டத்தின் பெயர் 'பிசோ ஃபிர்மே'. 2009இல் வந்த ஆய்வில், வீடு முழுக்கத் தரை மாறியபோது பிள்ளைகளுக்கு ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதமும் ரத்தசோகை 81 சதவீதமும் குறைந்தது என்று கண்டார்கள். அம்மாக்களின் மனச்சோர்வுகூடக் குறைந்தது. சிமெண்ட் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தக் குழந்தைகளிடம் போய் மண் தரையின் பெருமையைப் பேச முடியுமா?

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. மும்பை கோவண்டியில் குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிய நட்வர் பாரேக் குடியிருப்பில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 3 மீட்டர்தான். கீழ்த்தள வீடுகளுக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. காசநோய் அந்தக் கீழ்த்தளங்களில்தான் அதிகம் என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். கான்கிரீட்டும் வந்தது, கழிப்பறையும் வந்தது, கூடவே நோயும் வந்தது. உறையூரான், உங்கள் பக்கத்து மனைக்காரர் சுவரை ஒட்டிக் கட்டுவாரா என்று பார்த்துவிட்டு ஜன்னலை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

உறையூரான்

எல்லாருக்கும் நன்றி. தெருவில் விசாரித்தேன், மழைக்குத் தண்ணீர் அரை மணி நேரத்தில் வடிந்துவிடுமாம், 2 அடிக்கு இன்ஜினியரும் ஒத்துக்கொண்டார். கண்ணாடியும் ஃபால்ஸ் சீலிங்கும் போயாச்சு, கணக்குப் போட்டால் மாடிக்கு டைல்ஸ், அம்மா பாத்ரூம், திண்ணை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது, இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட வருகிறது.

சாய்தளத்தில்தான் சிக்கல். முன்வாசலில் 24 அடிக்கு இடம் இல்லை. தெற்குப் பக்கம் விடுகிற சந்தில் நீளமாகக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கதவில் சேர்த்துவிடலாம் என்கிறார் அவர். முன்வாசலில் வழக்கம்போலப் படி. இது சரியா?

நாலு சக்கரம்

விருந்தாளிக்கு முன்வாசல், வீட்டுக்குப் பெரியவருக்குப் பாத்திரம் கழுவுகிற பக்கமா? கல்யாண மண்டபம், பேங்க், கோயில், எங்கே போனாலும் எனக்குப் பின்பக்கம்தான் காட்டுகிறார்கள், ஜெனரேட்டர் பக்கத்திலும் குப்பைத் தொட்டி பக்கத்திலும் போய் உள்ளே நுழைந்து பழகிவிட்டது. சொந்த வீட்டிலும் அப்படி வேண்டாம். எல்லாரும் ஏறுகிற வழியில் அம்மாவும் ஏறட்டும்.

கொத்துக்கரண்டி

இப்படிச் செய்து பாருங்கள். தெற்கை விட்டுவிட்டு வடக்குச் சந்தை எடுங்கள். கேட்டை வடமேற்கு மூலையில் வைத்து, அங்கிருந்து வடக்குச் சுவரை ஒட்டி 4 அடி அகலத்தில் 24 அடி ஓட்டம், முடிவில் 5க்கு 5 சமதளம், அதற்காக வீட்டுச் சுவரை அந்த இடத்தில் மட்டும் ஓரடி உள்ளே தள்ளுங்கள். தலைவாசலையே அங்கே வடக்குப் பார்த்து வைத்துவிடுங்கள், நேராக ஹாலுக்குள் போகும். எல்லாருக்கும் அதுதான் வழி, படியே வேண்டாம். வடக்கு வாசல் என்றால் வாஸ்து பார்க்கிறவரும் வாயைத் திறக்க மாட்டார். மேற்கு முகம் முழுக்கத் திண்ணைக்கும் ஜாலிக்கும் கிடைக்கும், அம்மா தெருவைப் பார்க்க அங்கே உட்காரலாம், சாயங்கால வெயில் ஜாலியில் நின்றுவிடும்.

கைப்பிடி இரண்டு பக்கமும் போட வேண்டும். ஏறும்போது அம்மாவின் வலது கை ஒரு பக்கம் வரும், இறங்கும்போது மறுபக்கம். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாதி வேலைதான். மேலே பளிங்கு, கிரானைட் எதுவும் வேண்டாம், கோடு போட்ட சிமெண்ட் தளம் போதும். இதை அனுமதிக்குக் கொடுக்கிற பிளானிலேயே காட்டிவிடுங்கள், கட்டின பிறகு சந்தில் ஏன் கட்டினீர்கள் என்று கேள்வி வரக் கூடாது.

உறையூரான்

இது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன், "ஹால் கொஞ்சம் மாறும், பரவாயில்லை, போடலாம்" என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பாத்ரூம் கதவு வெளியே திறந்தால் அம்மாவின் கட்டிலில் இடிக்கிறது. கட்டிலைத் தள்ளவும் இடமில்லை.

பிசியோ அக்கா

அப்படியானால் தள்ளுகதவு. மேலே தண்டவாளத்தில் தொங்குகிற மாதிரி, தரையில் பள்ளம் இல்லாததாகக் கேளுங்கள், பள்ளத்தில் வாக்கர் மாட்டும். கைப்பிடி நீளமாக, முழங்கை வைத்துத் தள்ளினாலும் நகர்கிற மாதிரி இருக்கட்டும். வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பினால் திறக்கிற தாழ்ப்பாள் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், அதையும் வாங்கி வைத்துவிடுங்கள்.